கண் திறந்த ஒரு படம்: திருப்புல்லாணிப் பக்கம் இரண்டு நாள்

"கண்ணு தொறந்திருக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துத் தருவீகளா டீச்சர்?"

பரமக்குடியில் ஒரு கல்யாணத்தில், பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் செல்வி இப்படிக் கேட்டாள். இராமநாதபுரத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவள். ஓய்வு பெற்றதும் மகன் வாங்கிக் கொடுத்த கேமராவால் அன்று மண்டபத்தில் ஓடிய குழந்தைகளை எல்லாம் எடுத்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் கேட்டாள். அவளுடைய மகள் தர்ஷினிக்கு மூன்று வயது, இதயத்தில் ஓட்டை. மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு படம் வேண்டும் என்றாள்.

"போன்ல எடுக்கலாமே" என்றேன்.

"எடுத்தா கண்ணை மூடிக்கிடுறா. இதுவரைக்கும் எடுத்த எல்லாத்துலயும் மூடித்தான் இருக்கா" என்றாள். அப்போது அவள் முகம் போன போக்கை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

அந்தத் திங்களுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கிளம்பினேன். மதுரை மாட்டுத்தாவணியில் காலை 6.10 பேருந்து, டிக்கெட் 105 ரூபாய். இராமநாதபுரம் சேர்ந்தபோது 8.50. அங்கிருந்து 9.20க்கு திருப்புல்லாணி வழியாகப் போகும் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் உட்கார இடமும் இல்லை. கேமராப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் நின்றேன். வானம் மூடிக் கிடந்தது. மழை பெய்யாத, வெயிலும் அடிக்காத ஒரு நாள்.

திருப்புல்லாணியிலிருந்து செல்வியின் ஊர் மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 80 ரூபாய். ஓட்டுநர் கோயிலுக்கா, சேதுக்கரைக்கா என்று கேட்டார். ஒரு குழந்தையைப் படம் எடுக்க மதுரையிலிருந்து வருகிறேன் என்றேன்.

"அதுக்கா மதுரையிலருந்து வாரீக? எங்க வீட்ல மூணு கெடக்கு. சும்மாவே தாரேன், கூட்டிட்டுப் போங்க."

இருபுறமும் கருவேல முள். ஊரை நெருங்கியதும் மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. செல்வியின் கணவர் முருகேசனுக்கு ஒன்றரை ஏக்கர் குண்டு மிளகாய். வீட்டு முன்னால் களம் முழுக்க மிளகாய்ப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. அந்தச் சிவப்பின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு தர்ஷினி உட்கார்ந்திருந்தாள். வயதுக்கு மிகச் சின்ன உருவம்.

புதிதாகக் கேமரா பிடிப்பவர்கள் செய்கிற தப்பு எல்லாவற்றையும் அன்று காலையில் நான் செய்து முடித்தேன். முதலில் அவளை மிளகாய்க்குப் பக்கத்திலேயே வைத்து எடுத்தேன், பின்னணி அழகாக இருக்கிறது என்று. தரையின் சிவப்பு முகத்தில் ஏறிவிட்டது. செல்வி கேமராத் திரையைப் பார்த்து, "காச்சக்காரி மாதிரி இருக்காளே" என்றாள். சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் பக்கத்தில் நின்றாலே குழந்தையின் கன்னத்தில் அந்த நிறம் விழும். இது ஒரு களம் முழுக்கச் சிவப்பு. வேறு இடத்துக்குத் தூக்கிப் போயிருக்க வேண்டும்.

அடுத்து வீட்டுக்குள் கூட்டிப் போனேன். உள்ளே இருட்டு. ஃப்ளாஷைப் போட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். செல்வியின் போனில் அத்தனை படமும் கெட்டுப்போனதற்குக் காரணம் அதுதான், வேறொன்றுமில்லை. இருட்டு வீட்டில் போன் தானாகவே வெளிச்சம் அடித்திருக்கிறது. இதை அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள். ஆனால் நம்பிய மாதிரித் தெரியவில்லை.

மூன்றாவது தப்புதான் பெரியது. குழந்தை என் பக்கம் திரும்பவே இல்லை என்று, கையைத் தட்டி, "தர்ஷினி, இங்கே பார்" என்று குரல் கொடுத்தேன். முப்பத்திரண்டு வருடம் வகுப்புகளை அடக்கிய குரல். அவள் பயந்து அழ ஆரம்பித்தாள். அழ அழ உதடு நீலம் பாரித்தது. செல்வி ஓடி வந்து அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, முழங்காலை வயிற்றோடு மடக்கிப் பிடித்தாள். டாக்டர் சொல்லிக் கொடுத்ததாம். நிறம் திரும்ப ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடமும் நான் லென்ஸ் மூடியைத் தேடுவது போல் பைக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன்.

"பட்டாளத்துக்கு ஆள் எடுக்குற மாதிரி அதட்டுறீக டீச்சர். நான் சொன்னாலே நிக்க மாட்டா" என்றார் முருகேசன். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மதியம் அவள் வாசற்படிக்குப் பக்கத்தில் பாயில் தூங்கிப்போனாள். வாசல் வழியாக மேகத்தின் மங்கிய வெளிச்சம் ஒரு பக்கமாக முகத்தில் விழுந்தது. ஆடவில்லை, அழவில்லை. குனிந்து எடுத்தேன். இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அதுவரை எடுத்த எண்பதில் தேறியது இது ஒன்றுதான். பெருமையோடு செல்வியிடம் காட்டினேன்.

அவள் உள்ளே போனாள். டிரங்குப் பெட்டியிலிருந்து, துணியில் சுற்றிய ஒரு சட்டம் போட்ட படத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். இரண்டு வயதுப் பையன். பவுடர் பூசி, பொட்டு வைத்து, கண் மூடிப் படுத்திருந்தான்.

"மூத்தவன். மூணு நாள் காச்சல்ல போயிட்டான். அவன் படமெல்லாம் இருந்த போனு கம்மாயில விழுந்துருச்சு டீச்சர். அவனைத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னால ஸ்டுடியோக்காரரைக் கூட்டியாந்து எடுத்தது, இது ஒண்ணுதேன் இருக்கு. அவன் கண்ணு எப்படி இருந்துச்சுன்னு இப்பல்லாம் எனக்கு மறந்து மறந்து போகுது." பிறகு கேமராவைக் காட்டி, "அதை அழிச்சிருங்க" என்றாள்.

அழித்தேன். தூங்கும் பிள்ளையைப் படம் எடுக்கக் கூடாது என்று நம் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். நானும் கேட்டு வளர்ந்தவள்தான். கேமரா கைக்கு வந்ததும் அதெல்லாம் நினைவில் நிற்கவில்லை.

ஊருக்கே திரும்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. அதே ஆட்டோ வந்தது. சேதுக்கரையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் ஓட்டுநர். திருப்புல்லாணியிலிருந்து நான்கு கிலோமீட்டர், போய்வர 200 ரூபாய். கடல் சிலேட்டு நிறத்தில் அசையாமல் கிடந்தது. கரையில் இரண்டு குடும்பங்கள் திதி கொடுத்துக்கொண்டிருந்தன. கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. போகிறவர்கள் ஆறு மணிக்குள் திரும்பிவிடுங்கள். அதற்குப் பிறகு வண்டி கிடைப்பது சிரமம்.

இராமநாதபுரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அறை, 900 ரூபாய். கட்டிலில் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் முகத்தைவிடக் குழந்தையின் வகிடுதான் பெரிதாகத் தெரிந்தது. ஒன்றைக்கூட நான் உட்கார்ந்து எடுக்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு 'அ' எழுதக் கற்றுக் கொடுக்கும்போது நின்றுகொண்டா சொல்லிக் கொடுத்தேன்? பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கையைப் பிடித்து அல்லவா எழுதவைத்தேன்.

சனிக்கிழமை காலை 7.40க்கெல்லாம் மறுபடி செல்வி வீட்டில் இருந்தேன். வாசலுக்கு உள்ளே, வெளிச்சம் விழும் இடத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஃப்ளாஷை அணைத்தேன். குழந்தை அசைந்தாலும் கலங்காமல் இருக்க, ஷட்டர் வேகத்தை ஒரு விநாடியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்குக்கு வைத்தேன். முருகேசனின் வெள்ளை வேட்டி ஒன்றை வாங்கி எதிரில் தரையில் விரித்தேன். கீழிருந்து முகத்துக்கு வெள்ளை வெளிச்சம் ஏறட்டும் என்று. பிறகு கேமராவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"டீச்சர் இன்னைக்குப் படம் எடுக்கலையா, வேட்டி காயப் போட வந்தீகளா?" என்று கேட்டுவிட்டு முருகேசன் களத்துக்குப் போனார்.

இருபது நிமிடம் தர்ஷினி என்னைக் கண்டுகொள்ளவில்லை. பிறகு டப்பாவை இழுத்துக்கொண்டு வேட்டியில் வந்து உட்கார்ந்தாள். லென்ஸ் மூடியை நீட்டினேன். வாங்கி லென்ஸை மூடினாள், திறந்தாள், மூடினாள். ஏழெட்டு முறை. ஒரு முறை திறந்ததும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடிக்குள் அவளே சின்னதாகத் தெரிந்திருக்கிறாள்.

"உள்ள பாப்பா" என்றாள்.

"பாப்பா என்ன பண்ணுது?"

இன்னும் நன்றாகப் பார்க்கக் கண்ணை அகலத் திறந்தாள். கேமராவை என் கண்ணுக்குக்கூடத் தூக்கவில்லை. அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தபடியே பின்னால் கொஞ்சம் இழுத்து, திரையைப் பார்த்து, கண்ணில் குவியம் வைத்து அழுத்தினேன். ஒரே ஒரு படம். அடுத்த நொடி மூடியைப் போட்டுவிட்டாள்.

முகவாய் பாதி வெட்டுப்பட்டுவிட்டது. ஒரு காது இல்லை. போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள். இரண்டு கண்ணும் கூர்மையாக இருந்தன. கருவிழிக்குள் வாசல் தெரிந்தது. செல்வி கேமராவைக் கையில் வாங்கித் திரையை நெடுநேரம் பார்த்தாள். "மூத்தவனுக்கும் இப்படித்தேன் இருந்துச்சு. இப்ப ஞாவகம் வந்துருச்சு" என்றாள்.

எட்டுக்கு ஆறு அளவில் ஒரு பிரதி, லேமினேஷனோடு 90 ரூபாய். இராமநாதபுரத்திலேயே போட்டு, திங்கட்கிழமை மதுரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டபடி அந்தப் படத்தை இங்கே போடவில்லை.

அறுவை முடிந்து இன்றோடு நான்கு நாள். தர்ஷினி இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் இருக்கிறாள், மயக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள். நேற்று மாலை போயிருந்தேன். ஒரு நாளைக்கு இரண்டு முறை, பத்து பத்து நிமிடம்தான் அம்மாவை உள்ளே விடுகிறார்கள். செல்வி வெளியே பெஞ்சில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள கண்ணை மூடிப் படுத்திருக்கா டீச்சர். பாத்துட்டு வெளிய வந்து இதைப் பாத்துக்கிடுறேன்."

இந்தப் பக்கம் குழந்தைகளைப் படம் எடுக்கப் போகிறவர்கள் மாசி, பங்குனியில் காலை எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள். அதற்குப் பிறகு வெயில் ஏறினால் நிழல் கறுத்து, கண்குழி இருண்டுவிடும். மேகம் மூடிய நாள் கிடைத்தால் விடாதீர்கள். பெற்றவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள், அழிக்கச் சொன்னால் அழியுங்கள். ஒரு படமாவது காகிதத்தில் போட்டுக் கொடுங்கள்.

இன்று உங்கள் வீட்டுக் குழந்தைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்து, அது தானாக உங்களைப் பார்க்கும் வரை கூப்பிடாமல் காத்திருங்கள். பார்த்ததும் ஒரே ஒரு படம் எடுங்கள்.