முற்றுப்புள்ளி வைத்த கை

பிழையற்ற ஆங்கிலம் எழுதத் தெரிந்தவளுக்கு எந்த ஊரிலும் மரியாதை உண்டு என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். அப்பா தேவகோட்டை நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவர். கமாவுக்குப் பின் ஓர் இடைவெளி, முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு. தவறினால் தாளை உருவிவிட்டு மறுபடி அடிக்கச் சொல்வார். "அடுத்தவன் வாக்குமூலம்மா இது. நம்ம கை தடுக்கி அவன் விழக்கூடாது" என்பார். அந்த நம்பிக்கையோடுதான் ஓசூர்ப் பக்கம் ஓர் ஆலை அலுவலகத்துக்குத் தட்டச்சராக வந்தேன்.

பதினொரு ஆண்டுகள் ஆகியும் காலை நேரம் எனக்குப் பழகவில்லை. இராயக்கோட்டையில் நான் ஏறும் கம்பெனிப் பேருந்தில் கன்னடமும் தெலுங்கும் பல மாவட்டத் தமிழும் ஒன்றையொன்று இடிக்காமல் பயணம் செய்யும். ஆலை வாயிலில் இறங்கியதும் ஆங்கிலம் எல்லாரையும் அதட்டும். அங்கே ஒரு பலகை. சேஃப்டி என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் அடைத்து, பின்னால் மூன்று ஆச்சரியக்குறிகளை நட்டிருப்பார்கள். மேற்கோள் குறி ஒரு சொல்லை அழுத்திச் சொல்லாது. 'அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்' என்று கைகழுவிவிடும். மாற்றும்படி இருமுறை எழுதிக் கொடுத்தேன். கேன்டீன் பலகையிலோ பன்மை வந்த இடமெல்லாம் அபாஸ்ட்ரஃபி, ஈ மொய்த்ததுபோல. அன்றெல்லாம் இவைதாம் எனக்கு அருவருப்பு.

பிரஸ் மெஷினில் வேலைபார்த்த ஷமீமா உத்தனப்பள்ளியில் ஏறி என் பக்கத்து சன்னலோரம் உட்காருவாள். வழியில் ஆங்கிலம் எழுதிப் பழகுவாள். மூச்சு வாங்கும் இடமெல்லாம் கமா போடக்கூடாது என்றேன் ஒருநாள். "உங்க ஊர்ல மூச்சுக்கும் ரூல் இருக்குதாக்கா?" என்றாள்.

சென்ற ஆடியில் அந்த மெஷின் அவள் வலக்கையின் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. நடந்ததை அவளே இடக்கையால் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். பக்கம் முழுக்க ஒரே வாக்கியம். ஒரு புள்ளிகூட இல்லை. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சார் வேலை செய்யவில்லை என்று சூப்பர்வைசரிடம் இருமுறை சொன்னதாக நடுவில் ஒரு வரி. அதை மேலாளர் பென்சிலால் அடித்துவிட்டு என்னிடம் தந்தார்.

"மேட்டர நான் பாத்துக்கறேன் மேடம். நீங்க கமா, ஃபுல் ஸ்டாப் மட்டும் சரி பண்ணுங்க."

அந்த வரி போனால் பழி அவள் மேல் விழும், வேலையும் போகும் என்பது எனக்குத் தெரியும். என் வேலை அவர் கையில் இருந்தது என்பதும் தெரியும். அவர் அடித்த வரிக்கு முன்னால் முற்றுப்புள்ளி வைத்தேன். இரண்டு இடைவெளி விட்டு, அந்த வரியைத் தாண்டித் தட்டச்சு செய்தேன்.

கையெழுத்திட வந்தவளிடம், படித்துப் பார்த்துவிட்டுப் போடு என்றேன். அவ்வளவுதான் என் தைரியம்.

"நீங்க அடிச்சதுதானேக்கா" என்று அவள் பேனாவை இடக்கையில் வாங்கினாள். "எவ்ளோ நீட்டா இருக்குது."

கவனக்குறைவு என்று காரணம் காட்டி ஒரு மாதத்துக்குள் அவளை நீக்கினார்கள். காரணத்துக்குச் சான்றாக என் தாளையே இணைத்திருந்தார்கள். அதில் ஒரு குறிகூடத் தவறில்லை. வாயிலில் இருக்கும் பலகை இப்போது என்னை உறுத்துவதில்லை. அறியாமலேனும் அது உண்மை பேசுகிறது. என் விரல்களைப் பார்த்தால்தான் குமட்டுகிறது.

தேவகோட்டைக்குப் போனால் ஓசூர்க்காரி வந்திருக்கிறாள் என்கிறார்கள். இங்கே நான் தெக்கத்தி மேடம். உத்தனப்பள்ளியில் ஏற ஆளில்லாததால் பேருந்து அங்கே நிற்பதில்லை. சன்னலோர இருக்கை காலியாகவே வருகிறது. அதன் பக்கத்தில் நான் இருக்கிறேன்.