இரண்டாம் சுற்றுக்கு ஆளில்லை

எமில்டா அக்கா முன்கோபக்காரி. ஆனால் தொண்ணூற்றைந்தில் ஒரு சனிக்கிழமை வந்த கோபம் மட்டும் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

பகலில் பிஸ்கற் தொழிற்சாலை வேலை. மாலையில் டோர்செட் பார்க் அடுக்குமாடிகளில் கட்சிக்கு ஆள் சேர்க்கக் கதவு கதவாகத் தட்டுவார். ஒன்ராறியோ மாகாணத் தேர்தல் வரப்போகிறது. அவருடைய கட்சியில் மூன்று பேர் வேட்பாளராக முண்டியடித்தார்கள். அதில் கிறிஸ்துநாயகம் நம்மவர். யாரை நிறுத்துவது என்பதைக் கட்சி உறுப்பினர்கள்தான் வாக்குப் போட்டு முடிவுசெய்வார்கள். குடியுரிமை இல்லாதவர்களும் உறுப்பினராகலாம். அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கு இந்த நாட்டில் கிடைத்த ஒரே வாக்கு அது. அதை வீணாக்க அவர் தயாராக இல்லை.

அந்தச் சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வாக்களிப்பு. அன்று மாலையே அதே அடுக்குமாடியில் இருந்த மகேஸ்வரனின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. மகேஸ்வரனின் தம்பி வினோதன் விருந்தினருக்காக வாடகைக்குப் பிடித்த பஸ்ஸிலேயே சனத்தை வாக்குப்போடவும் ஏற்றி வந்தான். குளிர்க்கோட்டுக்குள் பட்டுச்சேலை சரசரக்கப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் சுற்றில் கிறிஸ்துநாயகமே முன்னுக்கு. கைதட்டலில் கூரை அதிர்ந்தது. ஆனால் வெல்லப் பாதி வாக்குக்கு மேல் வேண்டும்; அது கிடைக்கவில்லை. கடைசியாக வந்தவரை விலக்கிவிட்டு மற்ற இருவருக்கும் மறுபடி வாக்களிக்க வேண்டும். அதை யார் கேட்டார்கள்? எங்கள் சனம் குளிர்க்கோட்டுகளை மாட்டிக்கொண்டு எழும்பிவிட்டது.

அக்கா வாசலை மறித்துக்கொண்டு கெஞ்சினார், பிறகு ஏசினார்.

"வெண்டிட்டம்தானே அக்கா. அங்க பிள்ளையை மணவறையில இருத்தப் போயினம்," என்றான் வினோதன்.

பஸ் போய்விட்டது. இரண்டாம் சுற்றில் கிறிஸ்துநாயகம் தோற்றார்.

அக்கா இரண்டு பஸ் மாறி, கொதித்துக்கொண்டு சாமத்தியவீட்டுக்குப் போனார். அவர் வாய்திறக்குமுன் வினோதன் மேடைக்கு இழுத்துப்போய், வெற்றிக்கு உழைத்த அக்கா என்று மைக்கில் அறிவித்தான். தோளில் பொன்னாடையும் விழுந்தது.

அக்கா மைக்கைப் பறித்தார்.

"தோத்துப்போனம். எங்களை வெல்ல வைக்கிற சனம் முழுக்க இஞ்சதான் இருந்து சாப்பிடுது."

வீடியோக்காரன் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தான். வினோதன் தலையைச் சொறிந்தான்.

"அப்ப நாளைக்கு வந்து போடேலாதோ அக்கா?"