யார் கண்ணிலும் படாத அறிவிப்பு

மாநகராட்சிப் பதிவேட்டில் அவர் பெயர் எதுவாக இருந்தால் என்ன, ஊழியர்கள் எல்லோருக்கும் அவர் பசைக்காரர். இருபத்திரண்டு வருடமாக அவருக்கு ஒரே வேலை. ஊருக்குள் யாருக்கும் பிடிக்காத ஏதாவது வரப்போகிறது என்றால், அது சாக்கடை நீரேற்று நிலையமோ பிணக்கிடங்கோ, ‘ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுதித் தரலாம்’ என்ற அறிவிப்பை அங்கே ஒட்டிவிட்டு, அத்தாட்சிக்கு ஒரு போட்டோ எடுத்து வர வேண்டும்.

ஒட்டுவதற்கு யாருக்கும் தெரியும். ஒட்டியும் ஒரு கண்ணில்கூடப் படாமல் பார்த்துக்கொள்வதுதான் பசைக்காரரின் கைவரிசை. மின்பெட்டியின் முதுகில் ஒட்டுவார். காலை ஏழு மணிக்குக் கடை ஷட்டரில் ஒட்டுவார். எட்டு மணிக்குக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும்போது அறிவிப்பும் சுருண்டு மேலே போய்விடும். போட்டோவில் எல்லாம் பளிச்சென்று இருக்கும். “நீ ஒட்டினா ஒரு ஆட்சேபம் வராதுப்பா” என்று திட்ட அதிகாரி தோளில் தட்டுவார். அந்தத் தட்டலுக்கு மனிதர் கிறங்கிப்போவார்.

அவரிடம் ஒரே ஒரு குறை, ஒட்டும் தாளை அவர் படிக்க மாட்டார். மிட்டாய்க் கடைக்காரர் மிட்டாய் தின்பதில்லையே என்பார்.

ஒரு நாள் காலை அவர் மனைவி சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது, பின்னாலிருந்த காலி மனையில் இரண்டு பேர் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்கள். பதினோரு வருடம் வாடகை வீட்டு இருட்டில் சமைத்தவள் அவள். சொந்த வீடு கட்டும்போது அவள் கேட்டது ஒன்றுதான், காற்று வருகிற மாதிரி பெரிய ஜன்னல்.

“குப்பை பிரிக்கிற இடம் வருதாம், தினம் நாப்பது லாரி. நோட்டீஸ் ஒட்டி முப்பது நாளும் முடிஞ்சிருச்சாம். எந்தப் பாவி எங்க ஒட்டினானோ, ஒருத்தர் கண்ணுலயும் படலையே” என்றாள்.

பசைக்காரருக்குப் புரையேறியது. அலுவலகத்துக்கு ஓடிக் கோப்பைப் பிரித்தார். அந்த மனையை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாரே தவிர, அதன் வாசல் மறுபக்கம் பெரிய சாலையில் இருப்பது அவருக்குத் தெரியாது. சாலைப் பக்கமாகப் போனவர், அது தன் வீட்டுப் பின்மனை என்று தெரியாமலே, மதில் உள்பக்கமாக மடங்கும் மூலையில் அழகாக ஒட்டியிருந்தார். போட்டோவின் ஓரத்தில் அவர் வீட்டு ஜன்னல். ஜன்னலில் அவர் மனைவி. கீழே ‘ஆட்சேபம்: இல்லை’ என்றிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை மன்றக் கூட்டம். தெருவே திரண்டு வந்தது. அவர் மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

“முறைப்படி ஒட்டியாச்சு, போட்டோ இருக்கு” என்றார் திட்ட அதிகாரி. “சந்தேகம்னா ஒட்டினவரையே கேளுங்க.”

பசைக்காரர் எழுந்தார். ஆமாம் என்றால் ஜன்னல் போய்விடும். இல்லை என்றால் ஓய்வு பெற மூன்று வருடமிருக்கும் வேலை போய்விடும். மனைவியைப் பார்த்தார்.

“ஒட்டினேனுங்க. யாரும் பாக்க முடியாத இடமாப் பாத்து ஒட்டினேன்.”

அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இத்தனை வருடத்தில் அவருடைய தொழிலைப் பற்றி நாலு பேர் காது கொடுத்துக் கேட்பது இதுவே முதல் தடவை. “மதில் மூலைன்னா சும்மா இல்லைங்க, வெயில் எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்கணும்” என்று ஆரம்பித்துவிட்டார். அதிகாரி சட்டையைப் பிடித்து இழுத்தார். பலிக்கவில்லை.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். “எங்க தெரு பிணக்கிடங்கு?”

“அது ஷட்டருங்க.”

“எங்க நீரேற்று நிலையம்?”

“மின்பெட்டி முதுகு.”

இன்னும் ஐந்தாறு பேர் எழுவதைப் பார்த்த மேயருக்கு வியர்த்துவிட்டது. இந்த ஆளை இன்னும் பேசவிட்டால் பாதி நகரத்தை இடித்துவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும். “நிர்வாகக் காரணங்களால் இத்திட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. புது அறிவிப்பு ஒட்டப்படும்” என்று மணியை அடித்தார். பசைக்காரரை வேலையை விட்டுத் தூக்கவும் முடியவில்லை. தூக்கினால் விசாரணை வரும். விசாரணை வந்தால் ஷட்டர்களெல்லாம் கீழே இறங்கும்.

மனைவி மூன்று நாள் அவரிடம் பேசவில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொன்னாள்.

நான்காம் நாள் அவர் புது அறிவிப்போடு வந்தபோது, எங்கே ஒட்டுவது என்பதை அவள்தான் முடிவு செய்தாள். தங்கள் வீட்டு வாசற்கதவில், கண் மட்டத்தில். ஒட்டிவிட்டு முதல்முறையாக முழுவதும் படித்தார். தெருவே கூடிப் படித்தது. அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மனைவி தாளும் பேனாவும் கொண்டுவந்தாள். “எழுதுங்க, நான் சொல்றேன். ஐயா, போன தடவை இதை ஒட்டினவர் ஒழுங்கா ஒட்டத் தெரியாதவர்...”

பேனா நின்றது. அவருக்குச் சுருக்கென்றது.

“வேற என்ன வேணா சொல்லு. ஒட்டத் தெரியாதுன்னு மட்டும் எழுதச் சொல்லாதே.”

“அந்த ஜன்னல் வேணுமா, வேணாமா?”

இருபத்திரண்டு வருட வேலைக்கு வந்த முதல் ஆட்சேபத்தைப் பசைக்காரர் தன் கையாலேயே, ஓர் எழுத்துக்கூட விடாமல் எழுதி முடித்தார்.