பலகையில் மிஞ்சிய டோக்கன்

சுரங்கத்தில் எங்கள் டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டுத்தான் கேஜ் என்ற கூண்டு லிஃப்டில் இறங்குவோம். ஷிப்ட் முடிந்தும் ஒரு டோக்கன் தொங்கினால், ஓர் ஆள் இன்னும் மேலே வரவில்லை என்று பொருள். மனைவியின் தம்பியுடைய பந்தயக் கார் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்தபோதும் அப்படியொரு பலகை வைத்தேன். உள்ளே போகும் ஒவ்வொரு கருவிக்கும் துணிக்கும் ஒரு டோக்கன்.

"இன்னா மாமா, எஞ்சினுக்கும் அட்டெண்டன்ஸா?" என்று மச்சான் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை மாலை எஞ்சினை மூடினோம். ஞாயிற்றுக்கிழமை சென்னையில் பந்தயம். சனிக்கிழமை காலையே கிளம்ப வேண்டும். பலகையில் ஒரு டோக்கன் தொங்கியது.

"டோக்கனை எடுக்க மறந்திருப்பீங்க மாமா. ஸ்டார்ட் பண்ணலாம் வாங்க."

"ஆள் கீழே இருக்கிறப்ப ஷிப்ட் முடியாது மச்சான்."

அவர் முனகினார். நான் கார்புரேட்டர்களை மறுபடி கழற்றினேன். தூசி விழாதிருக்க மூன்றாவது சிலிண்டரின் காற்று வழியில் அடைத்த துணி அங்கேயே இருந்தது. ஸ்டார்ட் செய்திருந்தால் வால்வு அதை விழுங்கியிருக்கும், பயணம் ஷெட்டிலேயே முடிந்திருக்கும். அடைத்தவன் நான்தான். அதை மச்சான் எனக்கு இரண்டு முறை நினைவூட்டினார்.

ஞாயிறு மாலை அவருடைய கார்தான் முதலில் எல்லைக் கோட்டைத் தாண்டியது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவிலிருந்து கத்தினார்: "அட்டெண்டன்ஸ் சரியா மாமா?"

"எல்லாரும் மேல வந்தாச்சு!" என்று நானும் கத்தினேன்.