மாதா புடவையில் ஒரு ரத்தத் துளி

2006 ஆகஸ்ட். புதுச்சேரி உழவர்கரைப் பக்கம் எங்கள் பங்குக் கோயிலில் மாதா திருவிழா முடிந்து, கொடி இறக்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை. கோயில் வளாகத்தில் குகை போலக் கட்டிய மாதா கெபியின் கண்ணாடிக் கூண்டை யாரோ உடைத்து, மாதா கழுத்தில் நேர்ச்சையாகப் போட்டிருந்த தங்கச் சங்கிலியை எடுத்துப் போயிருந்தார்கள்.

முதலில் பார்த்தவர் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பூசை உடுப்பு அறையைப் பூட்டித் திறப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் ஓடிப்போய்ப் பங்குச் சாமியாரிடம் சொன்னார். சாமியார் போலீஸுக்குப் போன் செய்ய உள்ளே போனதும், கோயில்பிள்ளை கெபிக்குத் திரும்பி வந்து கீழே சிதறிக் கிடந்த கண்ணாடித் துண்டுகளை வெறுங்கையால் பொறுக்கத் தொடங்கிவிட்டார். சாய்ந்து கிடந்த மாதா சொரூபத்தையும் நிமிர்த்தி வைத்தார்.

போலீஸ் வந்தபோது அவர் இரண்டு விரல்களில் துணி சுற்றியிருந்தது.

"கையில இன்னாய்யா கட்டு?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"கண்ணாடி பொறுக்குனேன் சார்."

"நாங்க வர்றதுக்குள்ள பொறுக்கச் சொன்னது யாரு?"

"பூசை முடிஞ்சதும் பொம்பளைங்க முட்டி போட்டுக்கினே கெபிக்கு வருவாங்க சார். முட்டி கிழிஞ்சிடுமே."

எங்கள் பங்கில் அது உண்மை. நேர்ந்துகொண்டவர்கள் கோயில் வாசலிலிருந்து கெபி வரை முழந்தாளிலேயே வருவார்கள். ஆனால் சப்-இன்ஸ்பெக்டருக்கு அது தெரிய நியாயமில்லை. "நல்லா யோசிச்சுத்தான் வெச்சிருக்க" என்று சிரித்தார். கூண்டை உடைத்தபோது கிழிந்த விரலை மறைக்கத்தான் பொறுக்கினார் என்பது அவர் சந்தேகம். துண்டுகள் எல்லாவற்றிலும் கோயில்பிள்ளையின் ரத்தம். அன்று மாலையே பங்குப் பேரவையில் பேசி, வழக்கு முடியும்வரை சாவிக்கொத்தை அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். மணி அடிக்க வேறு ஆள் வந்தார். கோயில்பிள்ளை கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். அவர் பக்கத்தில் உட்காரப் பலரும் தயங்கினார்கள்.

திருடன் கை பட்ட புடவை மாதாவுக்கு வேண்டாம் என்று, போலீஸ் போன கையோடு மாதா சபைப் பெண்கள் சொரூபத்துக்கு வேறு புடவை சாத்தினார்கள். கழற்றிய புடவையைத் துவைக்க எடுத்து வந்தவர் என் மனைவி. அது ஒரு மஞ்சள் துணிப்பையில் எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. மாதா புடவையை மற்ற துணிகளோடு போடக் கூடாது, மாதாவுக்கு உரிய சனிக்கிழமையில்தான் தனி வாளியில் துவைக்க வேண்டும் என்பது அந்தப் பெண்களின் வழக்கம்.

சனிக்கிழமை காலை வாளியில் தண்ணீர் பிடித்துவிட்டு, மனைவி புடவையை உதறினார்.

"என்னங்க, இங்க வந்து பாருங்க. இது இன்னா கறை?"

தோள்பக்க மடிப்புக்குள் காய்ந்து பழுப்பேறிய ஒரு துளி. குற்றப் புலனாய்வு பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிப்பவன் நான். காய்ந்த ரத்தத்திலிருந்தும் மரபணுவை எடுத்து அது யாருடையது என்று சொல்லிவிடலாம், ஈரமும் பிளாஸ்டிக் உறையும்தான் அதற்கு எதிரி என்று படித்திருந்தேன். புடவையைச் செய்தித்தாளில் சுற்றிக் காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சென்னை ஆய்வகத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கோயில்பிள்ளையின் ரத்தமும் வேண்டுமாம்.

நல்ல செய்தி கொண்டு போகிற நினைப்பில் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். "ஒரு டெஸ்ட்ல எல்லாம் தெளிவாயிடும், கவலைப்படாதீங்க" என்றேன். அவர் முகத்தில் மலர்ச்சியே இல்லை.

"அண்ணே, சொரூபத்த நிமித்தி வெச்சது நான்தானே. அப்ப என் கையில ரத்தம் இருந்துதா, அதுக்கப்புறம் கிழிச்சுதா, நெனப்பே இல்ல. அந்தத் துளி என்னுதா இருந்தா?"

ரத்தம் யாருடையது என்றுதான் சோதனை சொல்லும். அது எப்படி அங்கே வந்தது என்று சொல்லாது. இதையும் நான் படித்துத்தான் இருந்தேன். ஆனால் அதுவரை அது எனக்கு உறைக்கவில்லை.

"வேணாம்னா குடுக்காதீங்க" என்றேன்.

"குடுக்கலன்னா மட்டும் விட்டுருவாங்களா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அதன் பிறகு நீண்ட காத்திருப்பு. இதற்கிடையில் பிள்ளைச்சாவடிப் பக்கம் ஒரு கோயில் உண்டியலை உடைத்த ஆள் பிடிபட்டார். அவர் முன்கையில் ஆறிய வெட்டுத் தழும்பு இருந்ததால், நீதிமன்ற உத்தரவு வாங்கி அவருடைய ரத்தத்தையும் அனுப்பினார்கள். கிறிஸ்துமஸ் வந்தது. குடிலுக்கு வைக்கோல் பரப்பக்கூடக் கோயில்பிள்ளையை யாரும் கூப்பிடவில்லை.

மறு ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் முடிவு வந்தது. கண்ணாடித் துண்டுகளில் இருந்தது கோயில்பிள்ளையின் ரத்தம். புடவையில் இருந்தது பிள்ளைச்சாவடியில் பிடிபட்டவருடையது. அவரும் பிறகு ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிவில் சாமியார் எல்லோர் முன்னாலும் சாவிக்கொத்தைக் கோயில்பிள்ளையிடம் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டு, மதிய மணி அடிக்கப் போய்விட்டார். "மாதாவே சாட்சி சொல்லிட்டாங்க" என்றார் பேரவையில் ஒருவர். "சனிக்கிழமை வரைக்கும் நான் துவைக்காம வெச்சிருந்தேன், அதச் சொல்லுங்க" என்றார் என் மனைவி.

சில ஆண்டுகள் கழித்து, மழைக்காற்றில் பீடத்தருகே ஒரு விளக்குக் கண்ணாடி விழுந்து நொறுங்கியது. துண்டுகளின் முன்னால் கோயில்பிள்ளை இரண்டு கைகளையும் விரித்து நின்று, வெறுங்காலோடு வருபவர்களை விலக்கி அனுப்பிக்கொண்டிருந்தார். "காத்துல விழுந்துதுன்னு எல்லாருக்கும் தெரியுமே, பெருக்கிடலாமே" என்றேன்.

"சாமியாரு வந்து ஒரு தடவ பாத்துடட்டும்ணே. அப்புறம் பெருக்குறேன்."

மரபணுச் சோதனையில் குற்றவாளி சிக்கினார் என்று செய்தி படிக்கும் போதெல்லாம், அந்தத் துளி வேறு எந்த வழியிலாவது அங்கே வந்திருக்குமா என்று ஒரு முறை யோசித்துவிட்டுத்தான் இன்றும் நான் பக்கத்தைத் திருப்புகிறேன்.