சுறா வறையில் வெள்ளி மணி

எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறைதான் முதல் மரியாதை. சுறாவை அவித்து, உதிர்த்து, தேங்காய்ப்பூவும் மஞ்சளும் போட்டு வறுப்பார்கள். அதைத் தின்றால் பால் ஊறும் என்பதில் சாய்ந்தமருதில் எவருக்கும் சந்தேகம் கிடையாது. தங்கச்சி பிறந்ததிலிருந்து வாப்பா ஒலுவில் துறைமுகத்திலிருந்து சுறாவாகக் கொண்டுவந்தார். சின்ன மீன்கள் அயல்வீடுகளுக்குப் போயின. பெரியது உம்மாவுக்கு.

அன்று உம்மா தங்கச்சிக்குப் பால் கொடுத்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளையை நிறுக்கக் கிளினிக்கிலிருந்து வந்த மிட்வைப் மிஸ்ஸி சோற்றுப் பீங்கானை எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய சுறாவா? ஒவ்வொரு நாளும் திங்கிறயா புள்ள? இதில பாதரசம் சேர்ந்திருக்கும். பாலுக்குள்ளயும் கொஞ்சம் போகும், புள்ளட மூளைக்குக் கூடாது."

உம்மா தங்கச்சியை மார்பிலிருந்து பிடுங்கி எடுத்தார். பிள்ளை வீறிட்டது.

"பால நிப்பாட்டச் சொல்லல்ல!" என்று மிஸ்ஸி சத்தம் போட்டார். "மீனத்தான் மாத்தச் சொன்னன். நெத்தலி தின்னு, கீரிமீன் தின்னு. புள்ளைக்குப் பாலக் குடு."

உம்மா பிள்ளையைக் காற்றில் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார்.

வறையை வறுத்துக் கொடுத்த உம்மாவின் தங்கை சாச்சிக்குக் கோபம். "நம்மட கடலுக்குள்ள ஆரு மிஸ்ஸி பாதரசம் கொட்டின?"

"கொட்டத் தேவல்லகா. எங்கயோ நிலக்கரி எரிப்பாங்க, பெக்டரி நடத்துவாங்க. புகையோட வந்து கடல்ல விழும். சின்ன மீனத் திண்டு திண்டு பெரிய மீனுக்குச் சேரும்."

"மஞ்சள் போட்டு நல்லாக் கழுவினா?"

"கழுவினாலும் போகா, அவிச்சாலும் போகா."

கையில் அடுத்த சுறாவோடு வந்த வாப்பா, அதை வாசலிலேயே வைத்துவிட்டு நின்றார்.

பாதரசம் எனக்குத் தெரியும். வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்தபோது நிலத்தில் உருண்டோடிய வெள்ளி மணிகள். குசினிக்கு ஓடி, சட்டியில் மீந்திருந்த வறையை விரலால் கிளறித் தேடினேன். அறைக்குள் உம்மாவின் குரல் கேட்டது.

"வயித்தில இருக்கக்குள்ளயும் இதைத்தானே மிஸ்ஸி திண்ட நான்?"

மிஸ்ஸி, "கிளினிக்குக்கு வரத் தவறாத புள்ள. வளர வளரப் பாப்பம்" என்றார்.

சட்டியில் மஞ்சளும் தேங்காய்ப்பூவும்தான். ஒரு மணிகூட இல்லை.

"உம்மா, ஒண்டுமில்ல! நான் நல்லாப் பாத்திட்டன்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

தங்கச்சி மறுபடி பால் குடித்துக்கொண்டிருந்தாள். உம்மா அவளுடைய தலையை, விரல்களை, பாதங்களைத் தடவித் தடவிப் பார்த்தார். நல்ல செய்தி சொல்லியும் ஏன் அழுகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் சட்டியில் தேடியதைத்தான் அவர் அங்கே தேடுகிறார் என்பது விளங்கவில்லை.