முறத்தில் காய்ந்த கிராபிக்ஸ் கார்டு

கருவாடு காயவைக்கும் முறத்தில், வெயில் நன்றாக விழும் இடம் பார்த்து, ஒரு பச்சை அட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு முழத்துக்கும் குறைவான நீளம், மேலே சின்னதாக ஒரு விசிறி, கீழ் ஓரத்தில் பொன்னிறத்தில் பல் பல்லாக ஒரு வரிசை. காக்காய் கொத்தாமலிருக்கப் பக்கத்தில் ஒரு கறுப்புத் துணியும் கட்டியிருந்தார் என் மாமியார். கொல்லைக் கதவைத் திறந்தவள் அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். விசிறியின் இடுக்கில் இன்னும் தண்ணீர் நின்றது.

மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய அந்த வீட்டுக்கு நான் கல்யாணமாகி வந்த புதிது. 2005ஆம் வருஷம். கடல் ஊருக்குள் வந்துபோன மறுவருஷம் என்பதால் எங்கள் பக்கம் எல்லாருக்குமே உடம்பில் பயம் ஊறியிருந்தது. ராத்திரி நாய் ஊளையிட்டால்கூட எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். நான் அதற்கு முன்பே பயந்தாங்கொள்ளி. மிக்சியைப் போடுவதென்றால் ஒரு கையால் காதைப் பொத்திக்கொள்வேன். இப்படிப்பட்டவளிடம்தான் என் நாத்தனார் உதவி கேட்டு வந்தாள். என் கணவரின் தங்கை அவள். வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பா. அவளுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று நான் நினைத்திருந்த காலம் அது.

பாப்பா புதுச்சேரியில் அனிமேஷன் படித்தவள். அங்கே ஒரு கம்பெனியில் ஆள் எடுத்தார்கள், திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். சொந்தமாகச் செய்த அசையும் படம் ஒன்றை சிடியில் கொண்டுபோக வேண்டும். உப்பளத்து வரப்பில் ஓடும் ஒரு நண்டைச் செய்துகொண்டிருந்தாள். பாதி செய்திருக்கும்போது வீட்டுக் கம்ப்யூட்டர் செத்துப்போனது. எங்கள் ஊர்க் காற்றுக்கு இரும்பே தாங்காது, கம்ப்யூட்டர் எம்மாத்திரம். தேறியது மானிட்டரும் கிராபிக்ஸ் கார்டும், சிடியில் எடுத்து வைத்திருந்த பாதி நண்டும்தான். மிச்சம் இருந்த ஒரே வழி என் கணவரின் லேப்டாப். அது அவர் கம்பெனிச் சொத்து. வெளியூருக்குப் பயிற்சிக்குப் போகும்போது பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்து, "இதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என் வேலை போயிடும், யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. மாமியாரின் நாலு பாத்தி உப்பு மழை வந்தால் கரைந்துபோகும் சமாச்சாரம்.

பாப்பா இரண்டு நாள் என் பின்னாலேயே சுற்றினாள். "அண்ணி, அண்ணி, ஒரே ஒரு தடவ" என்று கெஞ்சினாள். நான் சாவியைக் கொடுத்தேன். ஆனால் லேப்டாப்பில் நண்டு நொண்டியது. ஒரு கால் எடுத்து வைப்பதற்குள் நாம் ஒரு வாய் காபி குடித்துவிடலாம். "இதுல கிராபிக்ஸ் பத்தாது அண்ணி, நம்ம கார்ட வெளியிலேர்ந்து மாட்டணும்" என்றாள். அதற்கென்று அவள் படித்த இடத்திலிருந்து ஒரு இரும்புப் பெட்டியை இரவல் வாங்கி வந்திருந்தாள். கார்டை அந்தப் பெட்டியில் செருக வேண்டும். பெட்டியிலிருந்து வரும் ஒயரை லேப்டாப்பின் பக்கவாட்டு ஓட்டையில் செருக வேண்டும். படம் தெரிய, கார்டிலிருந்து பழைய மானிட்டருக்கு இன்னொரு ஒயர். பெட்டிக்குத் தனியாகக் கரண்ட். அதன் பிளக்கில் மூன்று முனை, எங்கள் சுவிட்ச்போர்டில் இரண்டு ஓட்டை. மூன்றாவது முனையை யாரோ முன்பே உடைத்துவிட்டிருந்தார்கள். எர்த் என்று சொல்லும் அந்த முனை எதற்கு இருக்கிறது என்று அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை.

மாட்டுவதற்காக எடுத்து வைத்த கார்டைத்தான் மாமியார் கழுவியிருந்தார். "உப்பு பூத்துக் கெடந்துதும்மா, அதான் நல்ல தண்ணில அலசி வெச்சேன்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உப்பளத்து வீடுகளில் அதுதான் முறை. பலகை, மண்வெட்டி, சைக்கிள், காலில் போட்ட கொலுசு, எதில் உப்பு பட்டாலும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துவிட்டுத்தான் சோறே சாப்பிடுவார்கள். அலசாமல் விட்டால் இரும்பு அரித்துப்போகும். பாப்பா முறத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "என்னாம்மா பண்ணி வெச்சிருக்க?" என்றாள். மாமியாரின் முகம் சுருங்கிப்போனது. அப்போதுதான் அவருக்குப் பயம் பிடித்தது என்று நினைக்கிறேன். அன்று பூராவும் முறத்தை வெயிலுக்கு வெயில் நகர்த்திக்கொண்டே இருந்தார். உப்பளத்துக்குக்கூடப் போகவில்லை.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் மாட்டினோம். ஈரக் கார்டு லேப்டாப்பைச் சேர்த்து எரித்துவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். "காஞ்சிடுச்சு அண்ணி" என்றாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு சுவிட்ச் பக்கத்தில் நிற்கும் வேலை. "நான் சொன்னா மட்டும் அணைங்க. நடுவுல நீங்களா அணைச்சீங்கன்னா லேப்டாப்பும் சேந்து போயிடும்" என்று சொல்லியிருந்தாள். சுவிட்சைப் போட்டேன். பெட்டி உறுமியது. கார்டின் விசிறி சுற்ற ஆரம்பித்தது. மானிட்டர் இருட்டாகவே இருந்தது. என் மூக்குக்கு எல்லாமே தீய்கிற வாசனையாகத் தெரிந்தது. இவரிடம் என்ன சொல்வது, எந்த முகத்தோடு நிற்பது, அம்மா வீட்டுக்கு எந்த பஸ்ஸில் போவது என்றெல்லாம் மனசு ஓடியது. அப்புறம் மானிட்டர் ஒரு தடவை வெட்டியது, படம் வந்தது. நண்டு வரப்பில் விறுவிறுவென்று ஓடியது, அத்தனை காலும் தனித்தனியாக. பாப்பா கையைத் தட்டிச் சிரித்தாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டு மாமியார் கொல்லையிலிருந்து உள்ளே வந்தார். பாத்திரம் தேய்த்த ஈரக் கை, வெறும் கால். "ஓடுதா? சூடாவலையே?" என்றபடி, மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பது போல அந்த இரும்புப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

அவர் கத்தவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. கை பெட்டியை விட்டு வரவில்லை. தோள் மட்டும் வெடவெடவென்று ஆடியது. பாப்பா கல்லாகச் சமைந்துவிட்டாள். பயம் தெரியாதவள் என்று நான் நினைத்த பெண்ணின் கண்கள் நிலைகுத்தி நின்றன. அவள் அணைக்கச் சொல்லவில்லை. சொல்லாமல் அணைத்தால் லேப்டாப் போகும், வேலை போகும் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அணைத்தேன். யோசித்து அணைத்தேன் என்று சொல்ல ஆசைதான். கை தானாகப் போனது.

மாமியார் பின்பக்கமாக விழுந்தார். ஓடிப்போய்த் தலையை மடியில் எடுத்துக்கொண்டேன். மூச்சு வந்தது. கண்ணைத் திறந்து சுற்றும் முற்றும் பார்த்தார். முதலில் கேட்டது, "பொட்டி நல்லாருக்குதா?" என்றுதான். அவர் பெட்டி என்றது லேப்டாப்பை.

பாப்பா ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே எல்லா ஒயரையும் பிடுங்கிப் போட்டாள். "வேணாம்மா, எனக்கு வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றாள். மாமியார் அதைக் காதில் வாங்கவில்லை. "மொதல்ல அதப் போட்டுப் பாரு" என்றார். லேப்டாப்பைத் தனியாகப் போட்டுப் பார்த்தோம். உயிரோடுதான் இருந்தது. நான் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கணவருக்கு இது எதுவுமே இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

அதோடு மூட்டை கட்டி வைத்துவிடுவோம் என்றுதான் நான் நினைத்தேன். மாமியார் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். வலது கை மரத்துப்போய்த் தொங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன், சாயங்காலம் போய்க்கலாம் என்றுவிட்டார். எழுந்து வெளியே போனவர், திரும்பி வந்தபோது காலில் ரப்பர் செருப்பு. வீட்டுக்குள் யாராவது செருப்போடு வந்தால் தெருவுக்கே கேட்கும்படி திட்டுகிற மனுஷி அவர். எங்களுக்கும் செருப்புகளை எடுத்துவந்து போட்டார். உட்காரும் மணைப் பலகையைக் கொண்டுவந்து, "இரும்புப் பொட்டிய இது மேல வையி. யாரும் கிட்டப் போவ வேணாம். மாட்டு" என்றார்.

"அம்மா, வேணாம்மா."

"நண்டு ஓடுச்சில்ல? நான் பாத்தேன். மாட்டு."

பாப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டே மாட்டினாள். அவள் இப்போது பெரிய பெரிய படங்களுக்கு வேலை செய்கிறாள். அவள் ஆபீசில் கம்ப்யூட்டர்கள் வரிசை வரிசையாக இருப்பதை போனில் எனக்குக் காட்டியிருக்கிறாள். இப்போதெல்லாம் லேப்டாப்புக்கு வெளியே கார்டு மாட்டுவது பிள்ளை விளையாட்டாம், ஒரே ஒயராம். சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. என் வீட்டில் இன்றைக்கும் மோட்டார் சுவிட்சை நான் போடுவதில்லை.

ஏனென்றால் அன்றைக்கு இரண்டாவது தடவை சுவிட்சைப் போட என்னால் முடியவில்லை. விரல் அதன் மேல்தான் இருந்தது, அழுத்த வரவில்லை. "அத்தை, எனக்குப் பயமாருக்குது, என்னால முடியாது" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் வந்து என் கையை மெல்ல எடுத்துவிட்டார். "எனக்கு மட்டும் பயமா இல்லியா?" என்றார். மரத்துப்போன வலது கையை முந்தானையில் சுருட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடது கையால் சுவிட்சைப் போட்டார்.

பெட்டி உறுமியது. மானிட்டர் வெட்டியது. நானும் பாப்பாவும் திரையைப் பார்த்தபடி நின்றோம். மாமியார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றவர், மூடிய கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "ஓடுதாம்மா?"